எளிய குறியீட்டின் பயன்

பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டரே. பாரம் மிகுந்த படகு அங்கே தரை தட்டும். ஏரியை அடுத்த சுண்ணாம்புக்குளத்தைச் சேர்ந்த கணினி அறிவியல் மாணவனாகிய நான், இணையப் பக்கங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதை விளக்க விழைகிறேன்.

இணையப் பக்கத்தின் அடிப்படை, டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய 'எச்.டி.எம்.எல்.' என்னும் குறியீட்டு மொழியாகும். தலைப்பு எது, பத்தி எது என்று அதில் குறியிட்டால் போதும். எழுத்து வந்து சேரச் சேர உலாவி அதைக் காட்டிவிடும். 2013இல் வெளிவந்த 'ரியாக்ட்' போன்ற பிரேம்வொர்க்குகளால் அமைக்கும் பல பக்கங்களில் நிலைமை வேறு. முதலில் வெற்றுப் பக்கமே வரும். நிரல் முழுவதும் வந்து இயங்கிய பின்னரே எழுத்துத் தோன்றும். சிக்னல் குன்றி நிரல் பாதியில் நின்றால், ஒரு வரியும் கிட்டாது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் எளிமைக்கு நற்சான்று. பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டெழுதிய இலக்கியங்கள் அதில் எளிய பக்கங்களாக வெளிவந்தன. பழைய கணினியிலும் அவற்றைப் படிக்க இயலும்.

நொடிக்கு நொடி மாறும் பயணச்சீட்டுப் பதிவு போன்றவற்றுக்குப் பிரேம்வொர்க் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், விடியுமுன் கடலுக்குப் புறப்படும் மீனவருக்குத் தேவை அலை எச்சரிக்கை. அதற்கு நான்கு வரி எழுத்தே போதும். அது உரிய நேரத்தில் வராவிட்டால் இழப்பு அவருடையதே.

மாணவ நண்பர்களே! பக்கம் அமைக்குமுன், அதைப் படிப்பவர் எங்கே, எந்தக் கருவியுடன் இருக்கிறார் என்று எண்ணுங்கள். நாம் ஏற்றும் பாரத்தைச் சுமப்பவர் அவரே.