படிவத்தைப் பூட்டும் முன்: ஹடப்சர் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு பருவக் குறிப்பு

பத்தாம் வகுப்பு முடிவு வந்தாயிற்று. சோலாப்பூர் சாலையில் முதல் மழைத் தண்ணீர் தேங்கும் இந்த நாட்களில் மகர்பட்டாவிலும் சசானே நகரிலும் பேக்ராய் நகரிலும் இருக்கும் நம் வீடுகளுக்கு ஊரிலிருந்து போன் வரும். தாத்தா கேட்பது ஒன்றுதான்: "என்ன குரூப் எடுக்கப் போறா?"

மகாராஷ்டிர வாரியத்தில் குரூப் என்று ஒன்று கிடையாது. சயின்ஸ், காமர்ஸ், ஆர்ட்ஸ் என்று பிரிவைத் தேர்ந்து, அதற்குள் பாடங்களை எடுக்க வேண்டும். ஆனால் அதைப் பேசும் முன் வீட்டில் இன்னொன்றைப் பேசி முடியுங்கள். கல்லூரி எந்த மாநிலத்தில்?

பொறியியலையே எடுத்துக்கொள்வோம். இங்கே சேர்க்கை எம்.எச்.டி.-சி.இ.டி. மதிப்பெண்ணில் நடக்கிறது. மொத்தம் 200, கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தகுதிக்கு மட்டும்தான். பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு இருந்தால் போதும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் நுழைவுத் தேர்வே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து கணக்கை 100க்கும், மற்ற இரண்டையும் 50, 50க்கும் சுருக்கி 200க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். இரண்டு இடத்திலும் 200தான், இரண்டிலும் பாதி கணக்குதான். இங்கே அது மூன்று மணி நேர நுழைவுத் தேர்வில் தீர்கிறது. அங்கே பொதுத் தேர்வுத் தாளில் தீர்கிறது.

இது தெரியாமல் 'இன்டகிரேட்டட்' என்று விளம்பரப்படுத்தும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்கிறோம். நாள் முழுக்கப் பயிற்சி வகுப்பு. கல்லூரி வருகை பெயருக்கு. தேர்வு முடியும்வரை எல்லாம் சரியாகத்தான் தெரியும். பிறகு அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போட வேண்டும் என்று ஆசை வரும்போது பொதுத் தேர்வு மதிப்பெண் கைவிட்டிருக்கும். செய்முறைக்கு மட்டுமே ஒரு பாடத்துக்கு 30 மதிப்பெண். தமிழ்நாட்டுக் கதவையும் திறந்து வைக்க நினைப்பவர்கள், ஆய்வகம் உண்மையிலேயே நடக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பீக்கரில் தூசி படிந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது காகிதம். தமிழ்நாட்டில் எட்டு முதல் பன்னிரண்டு வரை படிக்காத பிள்ளைக்கு அங்கே பொறியியல் கலந்தாய்வுக்குப் பிறப்பிடச் சான்று வேண்டும். மகாராஷ்டிர மருத்துவ இடங்களில் மாநில ஒதுக்கீட்டுக்குப் பத்தும் பன்னிரண்டும் இங்கேயே தேறியிருக்க வேண்டும், டொமிசைல் சான்றும் வேண்டும். அதற்குப் பொதுவாக 15 ஆண்டு வசிப்புக்கு ஆதாரம் கேட்பார்கள். பத்தை இங்கே முடித்துவிட்டு, பதினொன்றுக்கு நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்ப்பது நம்மவர்களிடையே சகஜம். டாக்டர் கனவுள்ள பிள்ளையை அப்படி அனுப்பினால், இங்கே மாநில ஒதுக்கீடு பொதுவாகக் கைநழுவும். அங்கே பிறப்பிடச் சான்று கிடைக்குமா என்பதைப் பொறுத்தே எல்லாம். அனுப்பும் முன் அந்தச் சான்றைக் கையில் வாங்கிவிடுங்கள். என் கண்ணெதிரே இரண்டு குடும்பங்கள் இதில் தவித்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி பாடம். கணக்கை விட்டால் எது எது மூடும் என்று பிள்ளையிடம் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: பொறியியல், கட்டடக்கலை, வணிக விமானி உரிமம், நம் பக்கத்துக் கடக்வாஸ்லா என்.டி.ஏ.வின் விமானப்படை, கடற்படைப் பிரிவுகள். தரைப்படைப் பிரிவுக்கு எந்தப் பன்னிரண்டாம் வகுப்பும் போதும். பி.ஃபார்முக்கு இயற்பியல், வேதியியலோடு கணக்கோ உயிரியலோ ஒன்று இருந்தால் சரி. உயிரியலை விட்டவருக்கு ஒரு சந்து உண்டு: பன்னிரண்டு முடித்தபின் அதைக் கூடுதல் பாடமாக எழுதி நீட்டுக்கு வரலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் அனுமதித்தது. பி.சி.எம்.பி. என்று கணக்கு, உயிரியல் இரண்டையும் சேர்த்துச் சுமப்பதை, பிள்ளை உண்மையாகவே இரண்டு மனதாக இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பெற்றோரின் பயத்துக்காக ஒரு பாடம் கூட்டுவது அந்தக் குழந்தையின் தூக்கத்தில் கைவைப்பது.

சயின்ஸ் ஒத்துவருமா என்று அறிய பத்தாம் வகுப்பு மதிப்பெண் உதவாது. அதில் ஆறு பாடத்தில் சிறந்த ஐந்தைத்தான் எடுக்கிறார்கள், பலவீனமான பாடம் ஒளிந்துகொள்ளும். வேறு வழி சொல்கிறேன். மாநிலப் பாடநூல் நிறுவனமான பாலபாரதியின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டாம் பாடம் 'கணித முறைகள்': வெக்டர், கொஞ்சம் கால்குலஸ். ஒரு வாரம் தினமும் ஒரு மணி நேரம் பிள்ளை தானாகப் படிக்கட்டும். நீங்கள் சமையலறையில் இருந்துகொண்டு கவனியுங்கள். விடை தப்பாக வருவது பொருட்டல்ல. அடித்துவிட்டு மறுபடி படம் வரைகிறாளா, அல்லது புத்தகத்தில் கொடுத்திருக்கும் விடையைப் பார்த்து எழுதிவிட்டு எழுந்துபோகிறாளா? அந்த நோட்டுப் புத்தகம் சொல்வதை எந்த ஆலோசகரும் சொல்ல முடியாது.

காமர்ஸ் எடுப்பவர்கள் கணக்கா, எஸ்.பி. எனும் செக்ரட்டேரியல் பிராக்டிஸா என்ற இடத்தில் நிற்பார்கள். கணக்குக்குப் பயந்து எஸ்.பி. எடுத்துவிட்டு சி.ஏ. என்பவர்கள் கவனிக்க: சி.ஏ. ஃபவுண்டேஷனில் மூன்றாம் தாள் பெரும்பாலும் வணிகக் கணிதமும் புள்ளியியலும்தான், தாளுக்கு 100 மதிப்பெண். கணக்கிலிருந்து தப்ப முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும்.

கையால் வேலை செய்யப் பிடிக்கும் பிள்ளைக்கு பாலிடெக்னிக்கை மறக்காதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலேயே மூன்றாண்டு டிப்ளமோ. முடித்தபின் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. சிவாஜிநகரில் அரசுப் பாலிடெக்னிக் இருக்கிறது. நம் வீடுகளில் இதைத் தோல்வி மாதிரிப் பார்க்கிறார்கள். அது பெரிய தவறு.

சி.பி.எஸ்.இ.யில் ஒன்பது, பத்து படிக்கும் தம்பி தங்கைகள் இருந்தால் கணக்கில் ஸ்டாண்டர்டையே பதிவு செய்யச் சொல்லுங்கள். பேசிக் என்பது 2020 தேர்விலிருந்து, மேலே கணக்கு படிக்காதவர்களுக்காக வந்தது. அதை எடுத்தவருக்குப் பின்னால் கணக்குக் கிடைக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக, பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தின் இரண்டாம் பகுதியில் பத்துக் கல்லூரி வரை வரிசைப்படுத்தலாம். முதலில் போட்ட கல்லூரியே கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். சேராவிட்டால் வழக்கமான சுற்றுகளிலிருந்து விலக்கிவிடுவார்கள். ஆகவே பெயருக்காக சிவாஜிநகர்க் கல்லூரி ஒன்றை முதலில் போடாதீர்கள். காடிதளத்தில் காலை ஏழு மணிக்கு பி.எம்.பி. பஸ் ஏறி ஒரு நாள் பிள்ளையோடு போய்வாருங்கள், மழை பெய்யும் நாளாகப் பார்த்து. இரண்டு ஆண்டு அவள் அந்த வழியில்தான் போகவேண்டும். திரும்பி வந்ததும் பட்டியலை அவளே வரிசைப்படுத்தட்டும்.