முழங்காலுக்குக் கீழே தோன்றும் புள்ளிகள்

இருப்புச் சரக்கைக் கண்ணால் கண்டு எண்ணாமல் ஏட்டுக் கணக்கை மட்டும் நம்பும் சங்கம் ஒரு நாள் நட்டத்திற் சிக்கும். உடம்பும் அத்தகையதே. வலியில்லை என்பதனாலேயே உடம்பு நலமாயிருக்கிறதென்று முடிவு கட்டலாகாது. நீரிழிவு நோயில் இது பெரிதும் உண்மை.

குழித்தறியில் அமர்வோருக்கும், வரப்பில் நடப்போருக்கும் முழங்காலுக்குக் கீழே முன்புறத்தில் தழும்புகள் இருப்பது இயல்பு. ஆயினும் அடிபட்ட நினைவே இன்றி, இரு கால்களிலுமாக நான்குக்கு மேற்பட்ட பழுப்பு நிறப் புள்ளிகள், வட்டமாய், சற்றே குழிந்து தோன்றினால் அவற்றைத் தறியின் தழும்பென்று தள்ளிவிடக் கூடாது. சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் மெலின் 1964-ஆம் ஆண்டில் விவரித்த நீரிழிவுத் தோல் மாற்றமாக அவை இருக்கலாம். இப்புள்ளிகள் வலியா, அரிப்பும் தாரா, மருந்தும் வேண்டா. ஆனால் அவை ஓர் எச்சரிக்கை.

காரணம் யாது? ஏரி நிரம்பியிருப்பினும் கிளை வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைமடை வயல் காயும். இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால், மயிரிழையினும் நுண்ணிய குழாய்களின் சுவர் தடித்துப் பழுதடைகிறது. தோலுக்குப் போதிய ஊட்டம் சேர்வதில்லை. இதே பழுது கண்ணின் திரையிலும், சிறுநீரகத்திலும், நரம்புகளிலும் நேரக்கூடும். ஆதலின் காலிற் புள்ளி கண்டவர் கண்ணையும் சிறுநீரையும் சோதித்துக்கொள்வது அறிவுடைமை.

பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்தல், விரலிடுக்கிற் புண், காரணமின்றிக் காலில் நீர்க்கொப்புளம் ஆகியனவும் சர்க்கரையைச் சோதிக்கத் தூண்டும் குறிகளாம்.

எல்லாவற்றினும் கொடியது உணர்வு மரத்தலே. முள் தைத்ததும், மிதிபலகையின் ஆணி கிழித்ததும் தெரியாமற் போகும். தெரியாத புண் ஆறாத புண்ணாகி, விரலையோ காலையோ இழக்கும் நிலைக்கும் கொண்டுசெல்லும். கால் இழந்த நெசவாளனுக்குத் தறி ஏது? உழவனுக்கு வயல் ஏது?

ஆதலின் அங்கத்தினர் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. முப்பது வயது கடந்தோர் ஆண்டுக்கொரு முறை இரத்தச் சர்க்கரையைச் சோதித்தல். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் காணின், மருத்துவரிடம் மறுசோதனை செய்து உறுதிப்படுத்துதல்.
2. நீரிழிவு உடையோர் நாள்தோறும் மாலையில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்தல். குனிய இயலாதோர்க்கு வீட்டார் உதவுதல்.
3. வயலிற் செருப்பின்றி நடவாதிருத்தல். காலாணியைப் பிளேடால் அறுக்காதிருத்தல். மரத்த காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடாதிருத்தல்.
4. பீடியையும் புகையிலையையும் அறவே விடுதல்.

நம் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றது. நீரிழிவு மாத்திரையை வீட்டுக்கே கொணரும் திட்டம் இது. பொம்மிடி வட்டார அங்கத்தினர்க்கு ஆரம்ப சுகாதார நிலையமும், அதற்கு மேல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன.

வாங்கிய கடனைத் தவணை தவறாது செலுத்துவோர் நம்மிற் பலர். காலுக்கு நாம் பட்ட கடனையும் அவ்வாறே செலுத்துவோமாக. இன்று மாலையே விளக்கொளியில் ஒரு முறை உங்கள் கால்களைப் பாருங்கள்.