ஹீட்டர் இல்லாத பழைய காரில் மலைப் பயணமா?

பழைய கார் என்றால் உயிரையே விடும் நண்பர் ஒருவர் எனக்குக் கோயம்புத்தூரில் இருக்கிறார். அவரிடம் இங்கிலாந்தில் செய்த, ரெண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. மேலே துணிக் கூரை. ஹீட்டருக்கு ஒரு குமிழ் இருக்கிறது. திருகினால் சும்மா சுற்றும், அவ்வளவுதான். 2018 ஜனவரியில் ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு அதில் கிளம்பினோம். குளிருக்குப் பயந்து கண்ணாடிகளை இறுக்கி ஏற்றி, கூரை இடுக்குகளில் எல்லாம் துண்டைச் செருகிக்கொண்டோம்.

குன்னூர் வருவதற்குள் எனக்கு நெற்றிப்பொட்டில் தலைவலி, குமட்டல். நண்பருக்கும் அதே. "வெறும் வயிறு, மலை வளைவு, பித்தம் கிளம்பிடுச்சு" என்று நானே தீர்ப்புச் சொல்லி எலுமிச்சம்பழத்தை முகரச் சொன்னேன். ஒரு டீக்கடையில் இறங்கிக் கால் மணி நேரம் நின்றோம். தலை தெளிந்துவிட்டது. காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் அதே தலைவலி! அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வெளியே நின்றால் போகிறது, உள்ளே உட்கார்ந்தால் வருகிறது, அதுவும் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில். பித்தம் இப்படிப் பேசி வைத்துக்கொண்டு வராதே! கண்ணாடிகளை இறக்கிவிட்டு நடுங்கிக்கொண்டே ஊட்டி போய்ச் சேர்ந்தோம். மெக்கானிக் பார்த்தார். சைலன்சர் குழாயில் விரிசல். என் காலடித் தரையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் துருப்பிடித்த ஓட்டை.

உள்ளே வந்தது கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், பிறகு தூக்கம் மாதிரி ஒரு மயக்கம். மலைப் பாதையில் வரும் சாதாரண வாந்தி மயக்கம் போலவே இருப்பதுதான் ஆபத்து. எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டு நேரத்தைப் போக்கினேனே, அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். காரில் உள்ள எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்தால் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, வெளியே வாருங்கள். யாருக்காவது மயக்கமோ, குழப்பமான பேச்சோ, நெஞ்சு வலியோ இருந்தால் என்னைப் போன்ற சித்த வைத்தியரைத் தேட வேண்டாம். ஆக்சிஜன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.

ஹீட்டர் ஓடும் காரில் விசிறி வெளிக்காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். ஹீட்டர் ரிப்பேரான காரில் அதுவும் நின்றுபோகும். ஜன்னலையும் அடைத்துவிட்டால் அடியிலிருந்து புகைதான் உள்ளே வரும். கண்ணாடியிலும் ஆவி படிந்து பாதை தெரியாது. ஆகவே காரை மூடாதீர்கள், உடம்பை மூடுங்கள். தரையிலும், பெடல், கியர் கம்பி வருகிற இடங்களிலும் உள்ள ஓட்டைகளை ரப்பர் வைத்து அடையுங்கள். குளிர், புகை இரண்டுக்கும் அதுதான் வாசல். ஜன்னல் மட்டும் ஒரு விரல்கடை திறந்தே இருக்கட்டும். பாட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வையுங்கள். குளிர் காயக் கரி அடுப்பைக் காருக்குள் வைப்பது மட்டும் கூடவே கூடாது.

உடம்பை எப்படி மூடுவது? கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. 5 டிகிரிக் குளிரில் கூரையை மடித்துவிட்டு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், முகத்தில் பூஜ்யத்துக்கும் கீழே இருப்பது போலத் தெரியும். காற்று பட்டால் வாத நோய்க்காரர்களுக்கு மூட்டு பிடித்துக்கொள்ளும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே கனமான கோட்டைவிட, மெல்லிய உடுப்புகள் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். மார்பில் ரெண்டு செய்தித்தாளை மடித்து உள்ளே வைத்தாலும் காற்றுத் தடுப்புக்குச் சரியாக இருக்கும்; சிரிக்காதீர்கள், செய்து பாருங்கள். காதை மூடும் குல்லா, கழுத்துக்கு மப்ளர், விரல் மரத்துப்போகாமல் கையுறை. விரல் மரத்தால் ஸ்டியரிங் பிடி தப்பும்.

மடியில் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளலாம், துண்டு சுற்றி. ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் பாதத்தில் வைக்கவே கூடாது. சூடு தெரியாமல் வெந்து, புண்ணாகிவிடும். இப்படி வந்த புண்களை ஆற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

நீலகிரித் தைலம் தேய்த்தால்? தோலில் ஒரு உணர்ச்சிதான். உடம்புச் சூடு ஏறாது. அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் அப்புறம் வண்டி ஓட்ட முடியாது. பிராந்தி அதைவிட மோசம். தோல் ரத்தக் குழாய்களை விரித்து, உள்சூட்டை வெளியே கொட்டிவிடும்.

எங்கள் சுக்குமல்லிக் காபியைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டம்ளர் சூடான பானம் உடம்பின் வெப்பத்தைப் பத்தில் ஒரு டிகிரிகூட ஏற்றாது. ஆனாலும் பிளாஸ்க்கில் கொண்டுபோங்கள். தோல் சீவிய சுக்கு, இரண்டு பங்கு மல்லி, நாலு மிளகு தட்டிப் போட்டுக் கருப்பட்டியோடு கொதிக்க வைத்தால் போதும். கபம் இளகும், தொண்டைக்கு இதம், கையும் சூடாகும். முக்கியமாக, குடிக்க வண்டியை நிறுத்துவீர்கள், இறங்கி நடப்பீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் கருப்பட்டியை விடுங்கள். குடல் புண் உள்ளவர்கள் மிளகை.

நடுக்கம் உடம்பு சூடு உண்டாக்கும் வழி. நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நடுக்கம் நின்று, நாக்குக் குழறி, தடுமாறினால் ஆபத்து. போர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் இந்த மாதிரிக் காரில் விடியற்காலைப் பயணமே வேண்டாம். வெயில் ஏறட்டும்.

ஹீட்டரைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்பீர்கள். இன்ஜினின் சூடான தண்ணீர் ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாக ஓடுவதுதான் இந்த மாதிரிக் கார்களில் ஹீட்டர். 1962இல் வந்த எம்.ஜி.பி. காரில்கூட ஆரம்பத்தில் அது தனிக் காசு கொடுத்து வாங்கும் சாமான்தான். நம் ஊர் மெக்கானிக்குகள் வெயிலுக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது வழக்கம். அது இல்லாவிட்டால் மலைக்குளிரில் தண்ணீர் சரியாகச் சூடேறாது. நண்பர் காரில் அதுவும் இல்லை. புதிதாக ஒன்று போட்டார். இப்போது குமிழைத் திருகினால் வெதுவெதுப்பாக ஏதோ வருகிறது. நான் குல்லாவைக் கழற்றுவதில்லை.