வட்டம் போட வேண்டிய தேதி வேறு

தேர்தல் அறிவிப்பு வந்ததும் நாம் காலண்டரில் வாக்குப்பதிவு நாளைச் சுற்றி வட்டம் போடுகிறோம். அன்றைக்கு ஊரில் இருப்பவருக்கு அது போதும். இருக்க முடியாதவரும், இருந்தும் பூத் வரை நடக்க முடியாதவரும் வட்டம் போட வேண்டியது வேட்புமனுத் தாக்கல் தொடங்கும் நாளில். அன்றுதான் தேர்தல் அறிவிக்கை அரசிதழில் வரும். தபால் வாக்குக்கான படிவம் 12டி-யைக் கொடுக்க அதிலிருந்து ஐந்தே நாள்தான் அவகாசம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அறிவிக்கை வந்தது மார்ச் 20, படிவம் கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 25. ஏப்ரல் பிறந்த பிறகு தாலுகா ஆபீஸ் படியேறியவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாக்குப்பதிவுக்குப் பல நாள் முன்பே யார் வேண்டுமானாலும் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம். இலங்கையில் அரசு ஊழியர்களும் காவல் துறையினரும் தபால்மூல வாக்களிப்பில் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் ‘அன்றைக்கு எனக்கு வேறு வேலை, இன்றைக்கே போட்டுவிடுகிறேன்’ என்று எல்லோரும் கேட்க முடியாது. சில பிரிவினருக்கு மட்டுமே அந்த வசதி. ஆகவே நீங்கள் அவர்களில் ஒருவரா என்பதுதான் முதல் கேள்வி.

நெம்மேலியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர். கடல் பக்கம் குப்பம். சென்னைக் குடிநீர் வாரியத்தின் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 முதல் ராப்பகலாக ஓடுகிறது, பக்கத்திலேயே நாளொன்றுக்கு 15 கோடி லிட்டருக்கான இரண்டாவது ஆலை 2024-இல் வந்தது. அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, சாலை நெடுக ரிசார்ட்டுகள். படகுக்காரர், ஷிஃப்ட் ஊழியர், விடுதி மாணவர், படுத்த படுக்கையாக இருக்கும் ஆயா என்று தேர்தல் அன்று பூத்துக்கு வர முடியாதவர்கள் இங்கே பலர், ஒவ்வொருவருக்கும் வழி வேறு. ஊர் திருப்போரூர் தொகுதியைச் சேர்ந்தது. 2021-இல் இந்தத் தொகுதியின் முடிவு 1,947 வாக்குகளில் தீர்ந்தது. வெளியூரில் இருப்பவர்கள் வராமல் போனாலே அவ்வளவு ஓட்டு குறைந்துவிடலாம்.

முதலில் பெயர் இருக்கிறதா?

வழி எதுவானாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாமல் நடக்காது. வீட்டில் அடையாள அட்டை இருப்பதால் பெயரும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 நவம்பர் 4-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் பெரும்பங்கு ‘இடம்பெயர்ந்தவர்’ என்ற கணக்கில் போனவை. வெளியூர் வேலைக்குப் போய், வீடு பூட்டிக் கிடப்பவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டால் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் வரும். முடியாதவர்கள் 1950-ஐ அழைக்கலாம், அல்லது பிஎல்ஓ என்று நாம் சொல்லும் வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் கேட்கலாம். ஊரில் அவர் பெரும்பாலும் ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார், தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை.

வீட்டுக்கு வரும் ஓட்டு

85 வயது கடந்தவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். 2019 அக்டோபரில் விதியைத் திருத்தியபோது வயது 80 என்று இருந்தது, 2024 மார்ச்சில் 85 ஆக்கினார்கள். பழைய கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு 82 வயது அப்பாவுக்குப் படிவம் கேட்பவர்கள் இன்றும் உண்டு.

குப்பத்தில் 87 வயது ஆயா ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். அறிவிக்கை வந்ததும் பிஎல்ஓ 12டி படிவத்தோடு வீட்டுக்கு வருவார். பெயர், பாகம் எண், வரிசை எண், விலாசம், போன் எண் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து அந்த ஐந்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊனம் காரணமாகக் கேட்பவர் சான்றிதழ் நகலையும் இணைக்க வேண்டும். இதில் கட்டாயம் எதுவும் இல்லை. ‘நான் பூத்துக்கே போய்ப் போடுவேன்’ என்று ஆயா சொன்னால் அதுவும் சரி, அங்கே சக்கர நாற்காலி இருக்கும். ஆனால் படிவம் கொடுத்து அது ஏற்கப்பட்டுவிட்டால், பட்டியலில் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். பிறகு மனசு மாறி பூத்துக்குப் போனால் இயந்திரத்தில் போட விடமாட்டார்கள். இது தெரியாமல் இரண்டு பக்கமும் நிற்க நினைத்து ஏமாறாதீர்கள்.

எந்த நாள் வருவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். வாக்குப்பதிவு அலுவலர்கள் இருவர், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுப்பவர் என்று ஒரு சிறு ஊர்வலமே திண்ணையில் ஏறும். வேட்பாளர்களின் முகவர்களும் கூட வரலாம். வீடியோ எடுப்பது நடைமுறையைத்தான், ஆயா யாருக்குப் போடுகிறார் என்பதை இல்லை. அட்டை மறைப்பு ஒன்றை வைத்து, வாக்குச்சீட்டைக் கொடுப்பார்கள். பட்டன் கிடையாது, பேனாவால் குறி இட வேண்டும். சீட்டை மடித்துச் சிறிய உறையில் போட்டு ஒட்ட வேண்டும். உறுதிமொழித் தாள் ஒன்று இருக்கும், அதில் கையெழுத்து வாங்கி அலுவலர் சான்றொப்பம் இடுவார். சிறிய உறையும் அந்தத் தாளும் பெரிய உறைக்குள் போக வேண்டும். உறுதிமொழித் தாளைச் சிறிய உறைக்குள் வாக்குச்சீட்டோடு சேர்த்து ஒட்டிவிட்டால் ஓட்டு செல்லாமல் போகும், ஆகவே ஒட்டும் முன் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கண் தெரியாதவரோ கை நடுங்குபவரோ 18 வயது நிரம்பிய ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். கூடத்தில் நின்று ‘அதுக்குப் போடு ஆயா’ என்று குரல் கொடுக்கும் பேரனை மட்டும் வெளியே அனுப்பிவிடுங்கள்.

முதல் முறை வரும்போது ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள். மூன்றாவது முறை கிடையாது. அந்த வாரத்தில் ஆயாவை மகள் வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள்.

பணியில் இருப்பவர்கள்

அத்தியாவசியப் பணி என்று தேர்தல் ஆணையம் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பட்டியல் வெளியிடும். அந்தத் துறைகளில் அன்றைக்குப் பணியில் இருப்பவர்களுக்கும் அதே 12டி, அதே ஐந்து நாள். கூடுதலாக ஒன்று: துறையில் இதற்கென நியமித்த அலுவலர், ‘இவருக்கு அன்று பணி உண்டு’ என்று சான்று தர வேண்டும். இவர்களுக்கு யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். வாக்குப்பதிவுக்கு முன் மூன்று நாள், காலை 9 முதல் மாலை 5 வரை, தொகுதியில் தபால் வாக்கு மையம் திறந்திருக்கும். அங்கே போய்ப் போட வேண்டும். கடல்நீர் ஆலையில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், குறிப்பாக ஒப்பந்த ஊழியர்கள், தங்கள் வேலை பட்டியலில் வருகிறதா என்று நிர்வாகத்திடம் அறிவிக்கை வரும் முன்பே கேட்டுவைப்பது நல்லது. வரவில்லையென்றால் பூத் நேரத்துக்கு ஏற்ப ஷிஃப்டை மாற்றிக்கொள்வதுதான் வழி.

தேர்தல் வேலைக்கே போகும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேறு கணக்கு. சொந்தத் தொகுதிக்குள்ளேயே பணி என்றால் படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று வாங்கி, வேலை பார்க்கும் பூத்திலேயே இயந்திரத்தில் போடலாம். வேறு தொகுதி என்றால் படிவம் 12, பயிற்சி நடக்கும் இடத்தில் அமைக்கும் வசதி மையத்தில் தபால் வாக்கு. பயிற்சி முடிந்த அன்றே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இராணுவத்தில் இருக்கும் பிள்ளைகள் சேவை வாக்காளராகப் பதிந்திருந்தால் வாக்குச்சீட்டு மின்னணு முறையில் படைப்பிரிவுக்குப் போகும். அச்செடுத்து, குறி இட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். வாக்கு எண்ணும் நாள் காலை 8 மணிக்குள் வந்து சேராவிட்டால் கணக்கில் வராது. தபாலில் அனுப்ப விருப்பமில்லாதவர் ஊரிலேயே ஒருவரைப் பதிலாளாக நியமித்து அவரைப் போடச் சொல்லலாம். நாட்டில் வேறு யாருக்கும் இல்லாத வசதி இது.

எந்தத் தபால் வாக்கானாலும் சான்றொப்பத்தில் அலட்சியம் வேண்டாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். அங்கே 203 தபால் வாக்குகளைத் தள்ளினார்கள். காரணம், அவற்றில் சான்றொப்பம் இட்ட தலைமை ஆசிரியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்பது. தோற்ற வேட்பாளர் அப்பாவு தொடுத்த வழக்கில், அவற்றையும் எண்ணச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

மற்ற எல்லோருக்கும்

ஓசூரில் கம்பெனி வேலை, திருப்பூரில் பனியன் வேலை, மேற்குக் கரையில் படகு வேலை என்று போனவர்களுக்குத் தபால் வாக்கு இல்லை. இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்குப் போடும் வகையில், 72 தொகுதிகள் வரை கையாளும் ஒரு இயந்திரத்தைக் காட்டத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்தது. பல கட்சிகள் எதிர்த்தன, அது அப்படியே நிற்கிறது. மீனவருக்கும் தனிச் சலுகை கிடையாது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், 2024 போல அதற்குள் தேர்தல் வந்தால் காசிமேட்டுப் படகில் போகிறவர் வீட்டில் இருப்பார். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும், அங்கே போனவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இவர்களுக்கு இரண்டே வழி. ஒன்று, இருக்கும் ஊருக்குப் பெயரை மாற்றுவது. படிவம் 8 அதற்குத்தான், இணையத்திலேயே கொடுக்கலாம். விடுதி மாணவர்கள் கல்லூரி இருக்கும் ஊரிலோ சொந்த ஊரிலோ, எங்கே பெயர் வேண்டும் என்பதை அவர்களே தீர்மானிக்கலாம். ஆனால் இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்வது குற்றம், பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது படிவம் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு போனால் அடுத்த தேர்தலுக்குத்தான்.

இரண்டாவது வழி, கிளம்பி வருவது. வாக்குப்பதிவு அன்று சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. தினக்கூலிக்கும் அது பொருந்தும். மீறினால் அபராதம் 500 ரூபாய் வரைதான், முதலாளி நடுங்கும் தொகை இல்லை. ஆனாலும் பிரிவைச் சொல்லிக் கேட்டால் பேச்சு மாறும். தென்மாவட்டப் பக்கமிருந்து வருபவர்கள் செங்கல்பட்டில் இறங்கி, திருப்போரூர் வழியாக நெம்மேலி சாலையைப் பிடிக்கலாம். மாலை 6 மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுத்துவிடுவார்கள், எவ்வளவு நேரமானாலும் போடலாம். அடையாள அட்டை அறையில் மறந்துவிட்டதா? ஆதார், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய பாஸ்புக் எதுவும் செல்லும். பூத் சிலிப் மட்டும் போதாது.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்தால் படிவம் 6ஏ வழியாகப் பெயர் சேர்க்கலாம், ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும், கையில் அசல் பாஸ்போர்ட்டோடு. பதிலாள் வைத்துப் போட வழி செய்யும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, மறு ஆண்டு காலாவதியானது. அப்படி டிக்கெட் போட்டு வந்தும் உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். 49பி (49P) விதியைச் சொல்லிக் காகித வாக்குச்சீட்டு கேளுங்கள், கொடுத்தே ஆக வேண்டும். 2018-இல் வந்த ‘சர்கார்’ படத்தில் நாயகன் பிடித்துக்கொண்டது இதைத்தான். அந்தச் சீட்டு உறையில் தனியாகப் போகும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது என்பதைப் படம் அவ்வளவு அழுத்திச் சொல்லவில்லை.

இவையெல்லாம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தலுக்கு. பஞ்சாயத்துத் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதற்கு விதிகள் வேறு.

வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு இதை அனுப்புகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் ஆயாவின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் இன்றைக்கே பார்த்து, காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள். 12டி-யில் இரண்டையும் கேட்பார்கள், அப்போது தேட நாள் இருக்காது.