நாய்க்கடி ஊசி: பழைய பயமும் இன்றைய நிலைமையும்

"தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்க, கைகால் வெளங்காமப் போயிரும்" என்று லயத்தில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் அது பழைய ஊசியைப் பற்றிய உண்மை. இந்த வித்தியாசம் தெரியாமல் நாய் கடித்தவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தால் உயிரே போய்விடும்.

பழைய ஊசி

1911இல் இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் இந்த ஊசியைத் தயாரித்தார். பிற்காலத்தில் இதற்குப் பெரும்பாலும் செம்மறி ஆட்டின் மூளையில் கிருமியை வளர்த்து, பிறகு அதைக் கொன்று மருந்தாக்கினார்கள். கோளாறு கிருமியில் அல்ல, அந்த மூளைச் சத்தில்தான் இருந்தது.

கரண்ட் வயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நம் நரம்புகளுக்கும் ஓர் உறை உண்டு. அதன் பெயர் மயலின். ஆட்டு மூளையிலும் அது இருக்கிறது. ஊசி மூலம் அது உள்ளே போனதும் சிலரது உடம்பு அதை எதிரி என்று எண்ணி, தன் சொந்த நரம்பு உறையையும் சேர்த்துத் தாக்கியது. அதனால்தான் சிலருக்குக் கைகால் விழுந்தது. சிலர் இறந்தும் போனார்கள்.

இன்றைய ஊசி

உலக சுகாதார நிறுவனம் 1980களிலிருந்து மூளை ஊசியை நிறுத்தச் சொல்லி வந்தது. இன்று இலங்கையில் போடுவது ஆய்வுகூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் தயாரித்த ஊசி. அதில் மூளைச் சத்து கிடையாது. தொப்புளைச் சுற்றிப் போடுவதும் இல்லை. ஊசி போட்ட இடத்தில் வலி, இலேசான காய்ச்சல், தலைவலி வரலாம். ஓரிரு நாளில் போய்விடும். நரம்புக் கோளாறு மிக மிக அரிது. எந்த ஊசிக்குப் பிறகும் கால் மரத்து, பலவீனம் மேலே ஏறிக்கொண்டே வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட துண்டையும் கொண்டு போங்கள்.

நாய் கடித்தால்

1. சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள்.
2. சுண்ணாம்பு, மிளகாய், கோப்பித்தூள் எதையும் வைத்துக் கட்டாதீர்கள்.
3. அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். பேர் போயிடுமே என்று நாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள்.
4. சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். கர்ப்பிணித் தாய்மாரும் பால் கொடுக்கும் தாய்மாரும் போடலாம்.
5. பிள்ளைகள் அடிக்குப் பயந்து கடியை மறைப்பார்கள். ஏசாமல் விசாரியுங்கள்.

கடித்து ஒரு மாதம், மூன்று மாதம் கழித்தும் நோய் வரலாம். "ஒண்ணும் ஆகலியே" என்று இருந்துவிடாதீர்கள். நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பவர் இல்லை என்றே சொல்லலாம். அதற்கு முன்னால் காப்பாற்றக்கூடியது இந்த ஊசிதான்.