வயர் தோலை உரிப்பது எப்படி? (ஸ்ட்ரிப்பர் பற்றி ஒரு பாடம்)

இந்த முறை அறிவியல் பக்கத்தில் ஒரு சின்னக் கருவியைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயர் வயர் ஸ்ட்ரிப்பர். மின்கம்பியின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் தோலை உரிக்கும் கருவி இது. "தோலை உரிக்க ஒரு கருவியா? பல்லால கடிச்சு இழுத்தா வந்துடுமே" என்று கேட்பீர்கள். வரும். ஆனால் தோலோடு சேர்ந்து செம்பும் கொஞ்சம் போய்விடும். அது போனால் என்ன ஆகும், போகாமல் உரிப்பது எப்படி என்பதுதான் பாடம். எங்க சித்தப்பா எலக்ட்ரீஷியன். அவர் டூல் பையில் இருக்கும் கருவிகளைப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

1. தோலுக்கு உள்ளே என்ன இருக்கு?

வீட்டு வயரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உள்ளே ஒரே தடித்த கம்பி. இன்னொன்று, மெல்லிய செம்பு இழைகள் பல சேர்ந்தது. 1 சதுர மி.மீ. வயரில் பெரும்பாலும் 0.3 மி.மீ. விட்டம் உள்ள 14 இழைகள் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரம் 0.15 மி.மீ. ஒரு இழையின் பரப்பு 3.14 × 0.15 × 0.15 = 0.07 சதுர மி.மீ. 14 இழைக்கு ஏறக்குறைய 1 சதுர மி.மீ. வந்துவிடும். அதே மாதிரி 1.5 வயரில் 22 இழை, 2.5 வயரில் 36 இழை. லைட்டுக்கும் ஃபேனுக்கும் 1 அல்லது 1.5 போடுவார்கள். பெரிய பிளக் பாயிண்டுக்கு 2.5 போடுவார்கள்.

2. நாலு இழை போனா என்ன?

14 இழையில் 4 வெட்டுப்பட்டால் மீதி 10. மின்சாரம் குறையாது. 14 பேர் தூக்கின மூட்டையை 10 பேர் தூக்குகிற கதைதான். பரப்பு குறைந்தால் மின்தடை கூடும். அந்த இடத்தில் மட்டும் தடை 14/10 = 1.4 மடங்கு. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்தடையைப் பொறுத்தது, மின்னோட்டத்தின் இருமடியையும் பொறுத்தது என்று ஜூல் என்ற விஞ்ஞானி 1841-ல் வெளியிட்டார். ஆகவே அந்த இடத்தில் வெப்பமும் 1.4 மடங்கு உண்டாகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கு. வெட்டு விழுந்த கம்பி வளைக்க வளைக்க அந்த இடத்திலேயே முறியும். அயர்ன் பாக்ஸ் வயர் தினமும் வளையும், இழுபடும். இன்றைக்கு நாலு இழை, அடுத்த மாசம் ஆறு இழை என்று போய், கடைசியில் ரெண்டு மூணு இழையில் மொத்தக் கரண்டும் ஓடும். பிளக் கொதிக்கும், கருகும், தீப்பொறி வரும். கூரை வீட்டில் ஒரு பொறி போதும். ஒற்றைக் கம்பியில் கத்தி வளையமாகக் கீறிவிட்டால், வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஸ்விட்ச் பெட்டிக்குள் மடக்கித் திணிக்கும்போது பட்டென்று ஒடியும். அலுமினியக் கம்பி என்றால் இன்னும் சீக்கிரம் ஒடிந்துவிடும்.

3. எந்தக் கருவி நல்லது?

(அ) பல்: கூடவே கூடாது. பல் உடையும், ஈறு கிழியும். கரண்ட் இருந்தால் உயிரே போகும். தீக்குச்சியால் தோலை எரிப்பதும் தப்பு. புகை கெட்டது. மீதித் தோலும் உருகிவிடும்.

(ஆ) கத்தி: கத்திதான் இருக்கிறது என்றால் பென்சில் சீவுவது போல் சாய்வாக, கையை விட்டு வெளிப்பக்கமாகச் சீவ வேண்டும். கம்பியைச் சுற்றி வளையமாக அறுக்கக் கூடாது.

(இ) கட்டிங் பிளேயர்: அனுபவம் உள்ளவர்கள் இதிலேயே உரிப்பார்கள். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். நமக்குத் தெரியாது.

(ஈ) ஸ்க்ரூ வைத்த ஸ்ட்ரிப்பர்: கடையில் சாதாரணமாகக் கிடைப்பது. கத்தரி போல இரண்டு தகடு, ஒவ்வொன்றிலும் ஒரு 'வி' வடிவப் பள்ளம். கைப்பிடி பக்கம் ஒரு ஸ்க்ரூ இருக்கும். வாய் எவ்வளவு மூட வேண்டும் என்று அதில்தான் வைக்க வேண்டும்.

(உ) பல ஓட்டை உள்ள ஸ்ட்ரிப்பர்: ஒவ்வொரு வயருக்கும் தனி ஓட்டை. அட்ஜஸ்ட் செய்ய வேண்டாம், சரியான ஓட்டையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

(ஊ) தானாக உரிப்பது: ஒரு தாடை வயரைப் பிடிக்கும், இன்னொரு தாடை தோலை வெட்டி இழுக்கும். நிறைய வயர் உரிக்க வேண்டிய வேலைக்கு நல்லது. ரொம்ப மெல்லிய வயரில் சில சமயம் வழுக்கும். அதற்காகச் சிலவற்றில் ஒரு திருகு வைத்திருப்பார்கள்.

நம்மைப் போலக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு (ஈ) அல்லது (உ) போதும். வாங்கும்போது கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். விரல் எட்டாத பெரிய பிடி வேண்டாம். 6 அங்குல அளவு சின்னக் கைக்கும் சரியாக இருக்கும். வாயை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பள்ளமும் நேருக்கு நேர் வர வேண்டும். கோணலாக வந்தால் எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் ஒரு பக்கம் செம்பைக் கடிக்கும்.

4. ஓட்டை எண்ணில் ஒரு குழப்பம்

சில ஸ்ட்ரிப்பரில் நம் சதுர மி.மீ. அளவு போட்டிருக்காது. 18, 16, 14, 12 என்று இருக்கும். இது ஏ.டபிள்யூ.ஜி. என்னும் அமெரிக்க அளவு. இதில் எண் கூடினால் கம்பி மெலியும். 18 என்பது 0.82 சதுர மி.மீ., 16 என்பது 1.31, 14 என்பது 2.08, 12 என்பது 3.31. நம் 1.5 வயர் 16-க்கும் 14-க்கும் நடுவில் வருகிறது. எதில் வைப்பது? எப்பவும் பெரிய ஓட்டையில்தான் தொடங்க வேண்டும். ஆகவே 14. அதே போல் 1 வயருக்கு 16, 2.5 வயருக்கு 12. பெரிய ஓட்டையில் தோல் வரவில்லை என்றால் நஷ்டம் ஒன்றும் இல்லை. சின்ன ஓட்டையில் வைத்தால் செம்பு போய்விடும், திரும்ப வராது.

5. முதலில் எச்சரிக்கை

வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். நாம் பழகுவது துண்டு வயரில் மட்டும், அதுவும் எதோடும் சேராத வயரில். சுவரில் இருக்கிற வயரைத் தொடவே கூடாது. பெரியவர்கள் செய்யும்போதும் மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டெஸ்டரால் பார்த்த பிறகுதான் செய்ய வேண்டும். ஸ்ட்ரிப்பர் பிடியில் பிளாஸ்டிக் உறை இருக்கே என்று நம்பக் கூடாது. அது கை வழுக்காமல் இருக்க. கரண்டைத் தாங்கும் கருவியில் 1000 வோல்ட் என்றும் இரட்டை முக்கோணக் குறியும் போட்டிருக்கும்.

6. ஸ்க்ரூ ஸ்ட்ரிப்பரை அட்ஜஸ்ட் செய்யும் முறை

படி 1: உரிக்கப் போகும் அதே வயரில் ஒரு துண்டு எடுங்கள். நுனியில் ஒரு செ.மீ. தோலைக் கத்தியால் சாய்வாகச் சீவி எடுங்கள்.

படி 2: ஸ்க்ரூவைத் தளர்த்தி, அந்த வெறும் செம்பைப் பள்ளத்தில் வையுங்கள்.

படி 3: மெதுவாக வாயை மூடுங்கள். தகடு செம்பைத் தொட்டதும் நிறுத்துங்கள்.

படி 4: அதிலிருந்து மயிரிழை திறந்து, ஸ்க்ரூவை இறுக்குங்கள். இப்போது வாயை முழுசாக மூடினாலும் செம்பு உரசாமல் போய் வர வேண்டும்.

படி 5: தோல் உள்ள இடத்தில் வைத்து அழுத்தி, கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பி, நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் ஒரு பக்கம் கீறும்.

படி 6: தோல் வரவில்லையா? ஸ்க்ரூவைக் கொஞ்சமே கொஞ்சம் நகர்த்தி மறுபடி பாருங்கள். பலத்தைக் கூட்ட வேண்டாம்.

மூன்று துண்டு சுத்தமாக உரிந்தால் அட்ஜஸ்ட்மென்ட் சரி. வேறு அளவு வயர் எடுத்தால் மறுபடியும் படி 1-லிருந்து தொடங்க வேண்டும். 2.5 வயருக்கு வைத்த அளவில் 1 வயரை உரித்தால் தோல் வராது. 1 வயருக்கு வைத்த அளவில் 2.5-ஐ உரித்தால் இழை போகும்.

7. எவ்வளவு நீளம் உரிக்கணும்?

வயர் போகும் ஸ்விட்ச் அல்லது பிளக்கின் ஓட்டை ஆழத்தை அளந்துகொள்ள வேண்டும். அதிகம் உரித்தால் வெறும் செம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பக்கத்துக் கம்பியில் படும். குறைவாக உரித்தால் ஸ்க்ரூ தோலின் மேல் ஏறி உட்காரும். இறுக்கமாகத் தெரியும், ஆனால் செம்பைப் பிடிக்காது, லூஸாகிச் சூடேறும். மூணு பின் பிளக்கில் பச்சை எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். யாராவது வயரை வெடுக்கென்று இழுத்தாலும் எர்த் கடைசியில்தான் கழலும்.

8. சரியா உரிச்சோமா? மூணு சோதனை

முதல் சோதனை: உரித்த தோலுக்குள் பாருங்கள், தரையையும் பாருங்கள். "தோலுக்குள்ள செம்பு முடி இருந்தா அந்த நுனியை வெட்டிப் போட்டுட்டு மறுபடி உரி" என்பார் சித்தப்பா.

இரண்டாவது: இழைகளை விரித்து எண்ணுங்கள். 14 இருக்க வேண்டியது 14 இருக்கா? எண்ணிய பிறகு, அவை முறுக்கி இருந்த பக்கமே முறுக்கி விடுங்கள். ஒரு இழைகூடத் தனியாக நீட்டி நிற்கக் கூடாது.

மூன்றாவது: ஒற்றைக் கம்பி என்றால் தோல் முடியும் இடத்தில் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் வெட்டு விழுந்திருக்கு. அந்த நுனி வேண்டாம்.

பழைய வயரில் தோல் விறைத்து, வளைத்தால் வெடிக்கிறது என்றால் உரிக்கவே வேண்டாம். முழு வயரையும் மாற்றச் சொல்ல வேண்டும்.

9. செய்து பார்க்க

பழைய வயர்த் துண்டு, 1.5 வோல்ட் டார்ச் செல், சின்ன பல்பு எடுத்துக்கொள்ளுங்கள். வயரின் இரண்டு நுனியையும் உரித்து பல்பை எரிய வையுங்கள். பிறகு நுனியில் ஒரே ஒரு இழையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிட்டுப் பாருங்கள். அப்போதும் பல்பு எரியும்! வீட்டிலும் இப்படித்தான் ஏமாறுகிறோம். பல்பு எரிகிறது என்பதால் வேலை சரி என்று அர்த்தம் இல்லை. சின்ன பல்புக்கு ஒரு இழை போதும், அயர்ன் பாக்ஸுக்குப் போதாது.

கேள்வி: 36 இழை உள்ள 2.5 வயரில் 9 இழை வெட்டுப்பட்டால் மீதிப் பரப்பு எவ்வளவு?
விடை: 27 இழை, அதாவது 100-க்கு 75 பங்கு. சுமார் 1.9 சதுர மி.மீ. கடையில் 2.5-க்குக் காசு கொடுத்துவிட்டு 1.9-ஐ மாட்டியதாக ஆகும்.

பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வயர் உரிப்பதிலும் அப்படித்தான். நிதானமாக உரித்தால் ஒரு இழைகூடச் சிதறாது. இதைப் படித்தவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும் அயர்ன் பாக்ஸ் பிளக்கைத் தொட வேண்டாம், பார்த்தால் போதும். வயர் நுழையும் இடத்தில் தோல் விலகிச் செம்பு தெரிகிறதா, பிளக் நிறம் மாறிக் கருத்திருக்கா என்று பாருங்கள். இருந்தால் வீட்டில் பெரியவங்ககிட்ட சொல்லுங்க, சரி செய்யும் வரை அதைப் போட விடாதீங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி