சாயத் தொட்டியின் வெப்பக் கணக்கு: அட்டவணையா, சூத்திரமா?

கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருக்கோஷ்டியூர், காரைக்குடி வட்டார அங்கத்தினர்கள் அதன் அடர்ந்த வர்ணங்களின் மதிப்பை நன்கு அறிவார்கள். சாயத் தொட்டியில் உஷ்ணநிலை குறைந்தால் பாவுக்குப் பாவு நிறம் மாறும், நட்டம் நெசவாளருக்கே. ஆகவே தொட்டிக்கு வேண்டிய வெப்பத்தைக் கணக்கிட நாம் அறிந்திருத்தல் நலம். அதற்குச் சூத்திரமும் உண்டு, அச்சிட்ட அட்டவணையும் உண்டு. எதனை எப்பொழுது கொள்வது?

200 கிலோ நீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 90 டிகிரிக்கு உயர்த்த வேண்டும் என்று கொள்வோம். எடை, தன்வெப்பம், உஷ்ண உயர்வு ஆகிய மூன்றையும் பெருக்குவதே சூத்திரம்: 200 × 4.18 × 60 = 50,160 கிலோஜூல். அட்டவணையோ ஒரு கிலோ நீருக்கு 90 டிகிரியில் 377.0 என்றும், 30 டிகிரியில் 125.7 என்றும் காட்டும். வேற்றுமை 251.3, 200 கிலோவுக்கு 50,260. இரண்டுக்கும் இடையே நூற்றுக்குக் கால் பங்கு வித்தியாசமும் இல்லை. இந்த எல்லைக்குள் நீரின் தன்வெப்பம் ஏறத்தாழ மாறாதிருப்பதே காரணம். இங்கே சூத்திரமே போதும்.

இதே தொட்டியைச் சுருள்குழாயில் நீராவி செலுத்திச் சூடாக்கினால் நிலைமை வேறு. நீராவியின் உள்ளுறை வெப்பம் அழுத்தம் ஏற ஏறக் குறையும். 100 டிகிரியில் கிலோவுக்கு 2,257 என்பது பலருக்கு மனப்பாடம். அழுத்தமானி 4 பார் காட்டினால், காற்றின் அழுத்தம் ஒன்றையும் கூட்டி, அட்டவணையில் 5 பாருக்கு நேரே பார்த்தல் வேண்டும். அங்கே 2,108 என்றிருக்கும். முன்னதைக் கொண்டால் 22.2 கிலோ நீராவி போதும் என்று தோன்றும், உண்மையில் 23.8 கிலோ வேண்டும். பத்துத் தொட்டிகளுக்குப் பதினாறு கிலோ குறையும். கடைசித் தொட்டி சூடேறாது. இங்கே அட்டவணையே துணை.

5 பாருக்குரிய வரி அட்டவணையில் இல்லையாயின், 4 பாருக்குரிய 2,133-க்கும் 6 பாருக்குரிய 2,086-க்கும் நடுவெண்ணைக் கொள்ளலாம். அது 2,109.5; பிழை அற்பமே. வரிகள் தொலைவில் இருந்தால் இம்முறை ஏமாற்றும்.

இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நீர், நீராவிப் பண்புகளுக்கான சர்வதேசச் சங்கம் 1997-இல் ஏற்றுக்கொண்ட சூத்திரங்களிலிருந்தே இன்றைய அட்டவணைகள் பல கணிக்கப்படுகின்றன. கணிப்பொறிக்குச் சூத்திரம் எளிது. கைக்கணக்குக்கு அட்டவணை எளிது.

மற்றொன்றும் கருதத்தக்கது. திறந்த தொட்டியிலிருந்து காற்றில் கழியும் வெப்பத்தைக் கூறும் சூத்திரங்களில் நூற்றுக்கு இருபது வரை பிழை நேர்வதுண்டு. அங்கே தசம ஸ்தானங்களைத் துரத்துவது வீண். தொட்டிக்கு மூடியிட்டு, உஷ்ணமானியால் அளந்து, கணக்கில் சிறிது மிகுதியும் சேர்த்துக்கொள்வதே விவேகம்.

சுருங்கக் கூறின், பண்பு மாறாத இடத்தில் சூத்திரம். மாறும் இடத்தில் அட்டவணை. இரண்டும் தளரும் இடத்தில் அளவை. இதனை அங்கத்தினர்கள் நினைவிற் கொள்வார்களாக.